தாம்போதியில் ஒரு மணித்தியாலம்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பாடசாலை மண்டபத்தில் நடைபெற்ற ஓவியக் கண்காட்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓவியக் கண்காட்சியில் பேச ஒரு வைத்தியரை ஏன் பிடித்தீர்கள் என்று வாசலில் ஒரு அக்கா கேட்டார். காரணம் எளியது. மலரின் அட்டைக்கு எந்தப் படத்தைப் போடுவது என்று மலர்க்குழுவில் எழுந்த வாக்குவாதத்தில் தோற்ற பக்கத்தில் நின்றவர்கள் நாங்கள். ஆறுதல் பரிசாக இந்த ஒலிவாங்கியைத் தந்திருக்கிறார்கள். அட்டையில் ட்ரோன் கமெராவால் எடுத்த மன்னார் நகரம் வருகிறது. நல்ல படம்தான், குறை சொல்வதற்கில்லை. எங்கள் வகுப்புத் தோழி கீறிய நீர்வர்ணப் படம் உள்ளே ஒரு பக்கத்தில் வரும். அந்தப் படம் இப்போது உங்கள் முன்னால் இருக்கிறது. தன் பெயரைப் போட வேண்டாம், சொல்லவும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். ஆகவே நாங்களும் சொல்லவில்லை.

நீளம் 15 அங்குலம், உயரம் 11 அங்குலம். கடந்த ஆவணியில் விடுமுறைக்கு வந்தவர், தாம்போதியின் பெருநிலக் கரையில் ஒரு மடிப்புக் கதிரையைப் போட்டுக்கொண்டு, பின்நேரம் 4 மணிக்குப் பிறகு, ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் முடித்த படம். எதிரே சூரியன். சூரியனுக்குக் கீழே எங்கள் ஊர்.

வட்ஸ்அப் குழுவில் இந்தப் படத்தைப் போட்டபோது வந்த கேள்விகளை மறக்க முடியாது. கோட்டை எங்கே என்றார் ஒருவர். பேராலயத்தின் கோபுரம் ஏன் சரிந்திருக்கிறது என்றார் இன்னொருவர். ஆட்களுக்கு முகமில்லையே என்றார்கள். ரொறன்ரோவிலிருந்து ஒரு அக்கா, கடலுக்கு நிறம் தீட்ட மறந்துவிட்டாவோ என்று கேட்டார். கேள்விகள் நியாயமானவை. யாரும் நமக்கு இப்படியான படத்தைப் பார்க்கச் சொல்லித் தரவில்லை.

சொல்லித் தந்தது என்ன? இந்த மண்டபத்திலிருக்கும் 40 வயதுக்காரரும் 70 வயதுக்காரரும் கண்ணை மூடிக்கொண்டு கீறக்கூடிய ஒரு காட்சி உண்டு. இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையிலிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு குடிசை, பக்கத்தில் ஒரு தென்னை, வானத்தில் நாலு ‘வி’ எழுத்துக் காகங்கள். சித்திரப் பாடத்தில் ‘இயற்கைக் காட்சி’ என்றால் அதுதான். மன்னார்த் தீவில் மலை எங்கே இருக்கிறது? ஆறு எங்கே இருக்கிறது? யன்னலுக்கு வெளியே பனையும், உவர் வெளியும், கருவாட்டு வாடியும், கழுதையும் இருக்க, நாங்கள் பத்து வருடமாகப் பார்த்திராத மலையைக் கீறிப் புள்ளி வாங்கினோம். அதில் எங்கள் ஆசிரியர்களைக் குற்றம் சொல்ல மாட்டோம். வெளியே கூட்டிப் போய்க் கீறவைக்கக்கூடிய காலமாக அது இருக்கவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

முதலில் அந்த வெள்ளைக் கடல்.

நீர்வர்ணத்தில் வெள்ளை நிறம் என்று பெரும்பாலும் ஒன்றைப் பூசுவதில்லை. தாள்தான் வெள்ளை. எண்ணெய் வர்ணத்தில் இருட்டின் மேல் வெளிச்சத்தை வைக்கலாம். பிழைத்தால் சுரண்டலாம், மேலே பூசலாம். நீர்வர்ணம் ஊடுதெரியும் நிறம். ஒளி அதனூடாகப் போய்த் தாளில் பட்டுத் திரும்பி வருகிறது. ஆகவே எங்கே வெளிச்சம் வேண்டுமோ அந்த இடத்தைத் தொடாமல் விட வேண்டும், அதையும் முதல் தூரிகையை நனைப்பதற்கு முன்னரே தீர்மானிக்க வேண்டும். நம் தோழி கடலை விட்டுவிட்ட விதத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். நீர் குறைந்த தூரிகையைச் சொரசொரப்பான தாளின் மேல் படுக்கையாக இழுத்திருக்கிறார். தாளின் மேடுகளில் மட்டும் நீலம் ஒட்டியிருக்கிறது, பள்ளங்கள் வெள்ளையாகவே நிற்கின்றன. நாலு அடி பின்னால் வந்து பாருங்கள். கச்சான் காற்றில் நொறுங்கும் அலைகளின் மேல் பின்நேர வெயில் கூசுவது தெரியும். இந்தக் கூச்சத்தை நாங்கள் எல்லோரும் பஸ்ஸின் யன்னலோரம் இருந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்திருக்கிறோம்.

கோட்டைக்கும் கோபுரத்துக்கும் அதே விடைதான். வெளிச்சத்தை எதிர்கொண்டு பார்க்கும்போது கண்ணின் பாவை சுருங்குகிறது; நிழற்பக்கத்தின் விபரங்கள் கண்ணுக்கு எட்டுவதில்லை. போர்த்துக்கேயர் 1560 இல் கட்டி, ஒல்லாந்தர் 1658 இல் பிடித்துப் பின்னர் திருத்திக் கட்டிய கோட்டையும், தபால் கந்தோரும், கோயிலும், பள்ளிவாசலும், தொலைபேசிக் கோபுரங்களும் அந்த நேரத்தில் ஒரே சாம்பல் நீலத் துண்டாகத்தான் தெரியும். அதைத் தாள் ஈரமாக இருக்கும்போதே ஒரே இழுப்பில் வைத்திருக்கிறார். கட்டடங்களின் அடி எங்கே முடிகிறது, நீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் நிறம் கீழ்நோக்கிக் கசிந்திருக்கிறது. மேல் விளிம்பு மட்டும் கூர்மையாக இருக்கிறது, ஏனென்றால் அங்கே தாள் அதற்குள் காய்ந்துவிட்டது. மன்னார் வெயிலில் ஈரம் நிற்காது. இலண்டனில் கால்மணி நேரம் தரும் தாள் இங்கே இரண்டு மூன்று நிமிடம்தான் தரும் என்று அவரே சொன்னார். கோபுரம் சரிந்ததற்கும் காற்றுத்தான் காரணமாக இருக்கலாம், நாங்கள் கேட்கவில்லை. சரிவாக நின்றால்தான் அன்றைய காற்று தெரிகிறது என்பது எங்கள் கட்சி.

ஜோன் சிங்கர் சார்ஜன்ட் என்றொரு ஓவியர் இருந்தார். அமெரிக்கப் பெற்றோருக்குப் பிறந்து ஐரோப்பாவில் வளர்ந்தவர், தகப்பனார் ஒரு கண் வைத்தியர். செல்வந்தர்களின் உருவப்படங்களை எண்ணெய் வர்ணத்தில் கீறிப் பெயரெடுத்தவர். விடுமுறை கிடைத்தால் நீர்வர்ணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெனிஸ் நகருக்குப் போய்விடுவார். வெனிஸ் நம்மைப் போலவே ஆழமில்லாத நீருக்குள் இருக்கும் தீவு நகரம், தாம்போதி வழியாகத்தான் ரயில் போகிறது. அங்கே படகில் இருந்தபடியே மாளிகைகளையும் தேவாலயங்களையும் கீறினார். ஆடும் படகில் இருந்து கீறியதால் கோணங்கள் தாழ்ந்திருக்கும், பாலத்தின் அடிப்பக்கம் தெரியும், பக்கத்துப் படகுக்காரன் இரண்டு வெள்ளைக் கீற்றாக மட்டும் இருப்பான். ஆனால் சாந்தா மரியா தேவாலயத்தை 1904 இல் கீறிய படத்தில், நிறத்துக்குக் கீழே பென்சிலால் அளந்து போட்ட கோடுகள் தெரிகின்றன. அவசரமாகத் தெரிவதெல்லாம் அவசரத்தில் செய்தது ஆகாது. 1909 இல் புரூக்ளின் அருங்காட்சியகம் அவருடைய 83 நீர்வர்ணப் படங்களை ஒரே தடவையில் வாங்கிக்கொண்டது. நீர்வர்ணம் என்பது அவசர நிலை ஒன்றை முடிந்தளவு சமாளிப்பது என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் இரவுக் கடமை செய்த எங்களுக்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை. அங்கேயும் அப்படித்தான். எல்லாத் தகவலும் வந்து சேரும்வரை காத்திருக்க முடியாது. எதைப் பார்க்க வேண்டும், எதை இப்போதைக்கு விட வேண்டும் என்ற தெரிவு கைக்குப் பழகியிருக்க வேண்டும்.

இதெல்லாம் வெள்ளைக்காரரின் கலை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1938 இல் சித்திர வித்தியாதரிசி எஸ். ஆர். கனகசபை யாழ்ப்பாணத்தில் வின்சர் கலைக் கழகத்தைத் தொடங்கினார். இலங்கையின் தலைமைச் சித்திரப் பரிசோதகராக இருந்த வின்சர் என்பவரின் பெயர் அது. நிறப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் ‘வின்சர் அன்ட் நியூட்டன்’ கம்பனியின் பெயர் என்று பலர் எண்ணிக்கொள்வதுண்டு. பிறகு அ. மாற்கு அவர்கள் விடுமுறைக்கால ஓவியர் கழகத்தை நடத்தி ஒரு தலைமுறையை ஓவியத்துக்குள் கொண்டுவந்தார். மாற்குவிடம் படித்தவர்கள் வடபகுதிப் பாடசாலைகளில் சித்திர ஆசிரியர்களானார்கள்.

இன்னொருவரை உங்கள் எல்லோருக்கும் தெரியும், ஆனால் வேறு காரணத்துக்காக. நடிகர் சிவகுமார். ‘சிந்து பைரவி’ பார்த்து அழுத அக்காமார் இங்கே இருக்கிறார்கள், பெயர் சொல்ல மாட்டோம். அவர் 1965 இல் ‘காக்கும் கரங்கள்’ படத்தில் நடிக்க வருவதற்கு முன், சென்னை ஓவியக் கல்லூரியில் ஆறு வருடம் படித்தவர். அந்த நாட்களில் மதுரை, தஞ்சாவூர், திருவண்ணாமலை என்று ஊர் ஊராகப் போய், வெயிலில் இருந்து, கோயிலையும் அதைச் சுற்றிய ஊரையும் நேரில் பார்த்துக் கீறியிருக்கிறார். அந்தப் படங்கள் புத்தகமாகவும் வந்திருக்கின்றன. நம் தோழியின் படத்தோடு ஒப்பிட்டால் அவருடைய கை பொறுமையானது. கோபுரத்தின் ஒவ்வொரு நிலையும் அதனதன் இடத்தில் நிற்கும். உணர்ச்சியை ஓட விடுவதிலும் பார்க்க உள்ளதை உள்ளபடி பிடிப்பதே அவர் நோக்கம். எங்களுக்கு இரண்டும் பிடிக்கும். ஒரே மதுரையை மனோகர் தேவதாஸ் பேனை மையால், மயிரிழைக் கோடுகளால் கீறினார். விழித்திரை நோயால் பார்வை ஒடுங்கி ஒடுங்கிப் போய்க்கொண்டிருந்த மனிதர் அவர். அந்தக் கோடுகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு நகரத்தைப் பார்க்க எத்தனை வழி இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறோம்.

ஆனால் வெளியில் இருந்து கீறுவதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. ஓவியர் அந்த இடத்தில் ஒரு மணித்தியாலம் இருக்க விடப்பட வேண்டும்.

இது சின்ன விடயமாகத் தெரியலாம். 1748 இல் வில்லியம் ஹோகார்த் என்ற ஆங்கில ஓவியர் பிரான்சின் கலே நகர வாசலைக் கீறிக்கொண்டிருந்தபோது வேவுகாரன் என்று பிடிக்கப்பட்டார். ஊருக்குத் திரும்பியதும் அந்த வாசலையே பெரிய படமாகக் கீறி, மூலையில் தன் தோளில் விழும் சிப்பாயின் கையையும் போட்டுவிட்டார். சந்தேகப்பட்டவர்களையும் முற்றாகக் குறைசொல்ல முடியாது. ஊர்க் காட்சிகளை நீர்வர்ணத்தில் கீறும் பழக்கம் இங்கிலாந்தில் வளர்ந்ததில் பட்டாளத்துக்கும் பங்குண்டு. கோட்டை, துறைமுகம், பாலம், மேட்டு நிலம் ஆகியவற்றைப் பார்த்துக் கீறத் தெரிந்திருப்பது அதிகாரியின் தகைமை. போல் சான்ட்பி என்ற நீர்வர்ண ஓவியர் 1768 முதல் சுமார் 28 வருடம் வூல்விச் இராணுவக் கல்லூரியில் தலைமைச் சித்திர ஆசிரியராக இருந்தார். கமெரா வருவதற்கு முன், படம் கீறுபவன் வேவு பார்ப்பவனாகவும் இருக்கக்கூடும்.

இப்போது எங்கள் காலத்துக்கு வருவோம். கோட்டைக்கும் பாலத்துக்கும் முன்னால் ஒரு பெண்பிள்ளை கொப்பியைத் திறந்துவைத்துக்கொண்டு, நிமிர்ந்து பார்ப்பதும் குனிந்து கீறுவதுமாக ஒரு மணித்தியாலம் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? யாரும் இருந்து பார்க்கவில்லை. இருக்கலாம் என்ற எண்ணமே எங்களுக்கு வரவில்லை. நாங்கள் அந்தப் பாலத்தைக் கடந்தது தலையைக் குனிந்துகொண்டு, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு. எங்கும் அதிக நேரம் பார்க்கக்கூடாது என்பதை வீட்டில் சொல்லித் தந்திருந்தார்கள். பழைய பாலம் தகர்ந்து, இரும்புப் பாலம் போட்டு, 2010 இல் புதிய பாலம் திறக்கும்வரை எங்கள் தலைமுறைக்கு அந்த இடம் ‘கடக்க வேண்டிய இடம்’ மட்டும்தான். அங்கே நின்று பார்த்தால் ஊர் எப்படித் தெரியும் என்று, அந்த ஊரில் பிறந்த எங்களுக்குத் தெரியாது. சூரியன் உதிக்கும் இரண்டு மலைகள் எங்களுக்குப் பாதுகாப்பானவையாக இருந்தன. அந்த மலைகளைக் கீறியதற்காக யாரும் யாரையும் விசாரிக்க மாட்டார்கள்.

அதனால்தான் இந்தப் படத்தின் அவசரமும் சுதந்திரமும் எங்களுக்குப் பெரிதாகப் படுகின்றன. இவர் நிமிர்ந்து பார்த்திருக்கிறார். பார்த்த இடத்தையே மறுபடி மறுபடி பார்த்திருக்கிறார். முழுப் படத்திலும் அல்ட்ராமரின் நீலம், பேர்ண்ட் சியனா என்ற செம்மண் நிறம், கொஞ்சம் காவி மஞ்சள் ஆகிய மூன்றும்தான் ஓடுகின்றன. நாலாவதாக ஒரேயொரு சிவப்புப் பொட்டு. தாம்போதியின் நடுவே, ஒரு பயற்றங்கொட்டை அளவு. அது இ.போ.ச. பஸ். அது உண்மையில் அந்த நேரத்தில் போனதா என்று கேட்காதீர்கள். அந்தப் பொட்டை விரலால் மறைத்துப் பாருங்கள். மூன்று கிலோமீற்றர்த் தாம்போதி வெறும் கோடாகிவிடும். விரலை எடுங்கள், யாரோ வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஆட்களுக்கு முகம் கேட்டவர்களுக்கும் இதுதான் எங்கள் விடை. கரையில் கழுதைகள் இரண்டு நிற்பதை நாங்கள் பெரியவர்கள் ஒருவரும் காணவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்தான் கண்டுபிடித்தார்கள்.

நேற்று மண்டபத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது புத்தளத்திலிருந்து எங்கள் வகுப்புத் தோழி ஒருவர் வந்தார். 1990 ஐப்பசியில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் வகுப்பிலிருந்து போனவர்களில் ஒருவர். அந்த ஒரே ஆண்டில் சிலர் வள்ளத்தில் கல்பிட்டிப் பக்கம் போனார்கள், சிலர் வள்ளத்தில் மண்டபம் முகாமுக்குப் போனார்கள். வரவுப் பதிவேட்டில் எத்தனை பெயர்களுக்கு நேரே கோடு விழுந்தது என்று அன்றைய வகுப்பாசிரியருக்குத் தெரியும். அவர் இப்போது எங்களோடு இல்லை. புத்தளத் தோழி படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். கோட்டையைத் தேடவில்லை, கோபுரத்தையும் தேடவில்லை. நிறம் பூசாமல் விட்ட அந்த நீரைத்தான் பார்த்தார். “அண்டைக்கும் கடல் இப்படித்தான் கூசினது. பார்க்க ஏலாமல் கண்ணைப் பொத்திக்கொண்டு இருந்தனான்” என்றார். அதன் பிறகு நாங்கள் எல்லோரும் சேர்ந்து கதிரைகளை அடுக்கினோம்.

ட்ரோன் படத்தில் வீடுகளை எண்ணலாம். எங்கள் பாடசாலையின் கூரையைக் காணலாம், பள்ளிமுனைப் பெருக்கமரத்தைக்கூடத் தேடிப் பிடிக்கலாம். வெளிநாட்டிலிருக்கும் நம்மவர்கள் அதைப் பெரிதாக்கித் தங்கள் ஒழுங்கையைக் கண்டுபிடித்துச் சந்தோஷப்படுவார்கள், அந்தச் சந்தோஷம் அட்டைக்குத் தகுந்ததுதான். ஆனால் நூறு மீற்றர் உயரத்திலிருந்து எந்த மனிதரும் எங்கள் ஊரைப் பார்த்து வளரவில்லை. தாம்போதியில், நின்ற உயரத்தில், காற்று முகத்தில் அடிக்க, உப்பு உதட்டில் ஒட்டப் பார்த்தவர்கள்தான் நாங்கள். சட்டகம் போடுவதற்கு முன் இந்தத் தாளைக் கையில் எடுத்தபோது கீழ் மூலையில் நிறத்தோடு சேர்ந்து ஒட்டிக்கொண்ட நாலைந்து மணற்பருக்கைகள் விரலில் பட்டன. தட்டிவிட வேண்டாம் என்று சட்டகக்காரரிடம் சொல்லிவிட்டோம்.

பார்க்கும்போது முதலில் வாசலிலிருந்தே பாருங்கள். நோயாளி அறைக்குள் நடந்து வரும்போதே வைத்தியர் பாதியைத் தெரிந்துகொள்வார் என்று எங்கள் பேராசிரியர்கள் சொல்வார்கள், படத்துக்கும் அது பொருந்தும். பிறகு மூக்கு முட்டும் அளவுக்குக் கிட்டப் போங்கள். நீர் எங்கே ஓடியது, எங்கே தடுத்தார், எங்கே தடுக்க முடியாமல் விட்டார் என்று தெரியும். மேல் வலது பக்கத்தில், வானத்தில், பூக்கோவா இலை போல ஒரு கறை விரிந்திருக்கிறது. பாதி காய்ந்த நிறத்தின் மேல் தண்ணீர்த் துளி விழுந்தால் அப்படி வரும். அதைப் பழுது என்று சிலர் சொல்வார்கள். எங்களுக்கு அது ஆவணி மாதத்து மெல்லிய முகிலாகவே தெரிகிறது.

கடைசியாக, படத்தை எங்கே மாட்டுவது என்பது பற்றி. நீர்வர்ணத்துக்கு வெயில் ஆகாது. சில நிறங்கள் சில வருடங்களிலேயே வெளிறிப்போகும். எங்கள் ஊரின் ஈர உப்புக் காற்றில் தாளில் பூஞ்சணமும் பிடிக்கும். ஆகவே கண்ணாடி தாளில் முட்டாமல் இடையில் அட்டை வைத்துச் சட்டகம் போட்டிருக்கிறோம். பின்பக்கத்தை வருடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும், மாரி முடிந்ததும் செய்வது நல்லது. யன்னலுக்கு நேரே மாட்ட வேண்டாம் என்று கேட்டோம், அதிபர் அவர்கள் நூலகத்துக்குப் போகும் உள் விறாந்தையின் வடக்குச் சுவரைத் தந்திருக்கிறார்கள். பக்கத்தில் இரண்டு ஆணிகளைக் கூடுதலாக அடித்துவைத்திருக்கிறோம். அடுத்த சனிக்கிழமை பின்நேரம் 4 மணிக்குச் சித்திர ரீச்சரும் எங்களில் நாலு பேரும் தாம்போதிக்குப் போகிறோம். வர விரும்பும் பிள்ளைகள் தொப்பியும், ஒரு போத்தல் தண்ணீரும், பறக்காமல் தாளைப் பிடித்துவைக்க உடுப்புக் கிளிப் நாலும் கொண்டு வரவும். நிறப்பெட்டி சங்கம் தரும்.